அண்ணன் டெஸ்ட் எடுத்த மூன்று பந்தயக் கடிகாரங்கள்

1

எங்கள் பட்டறையில் பத்து வருடம் வேலை பார்த்து முடித்தவர்களுக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுப்பது வழக்கம். இந்த ஏப்ரலில் என் முறை வந்தது. மேலாளர் அம்மாள் பெட்டியை நீட்டிக் கைகுலுக்கினார். எல்லோரும் நின்றபடியே ஆளுக்கொரு துண்டு கேக் சாப்பிட்டோம். பத்தாவது நிமிடம் அவரவர் மேசைக்குத் திரும்பிவிட்டோம். ஸ்விட்சர்லாந்தில் பாராட்டு விழா என்றால் அவ்வளவுதான். ஓசூராக இருந்தால் சால்வை, மைக் செட், அடுத்த ஷிப்டுக்கும் சேர்த்து லட்டு, யூனியன் தலைவர் பேச்சு என்று அரை நாள் போயிருக்கும்.

பெட்டிக்குள் இருந்தது பந்தயக் கடிகாரம். கார்ப் பந்தயம் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்துச் செய்த வகை. வழக்கம்போல நேரமும் காட்டும். பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் ஸ்டாப் வாட்ச் மாதிரி ஒரு நீள முள் தனியாக ஓடத் தொடங்கும். இன்னொரு அமுக்கில் நிற்கும். கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம், அதில் எண்கள். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் முள்ளை நிறுத்தினால், அதற்கு நேரே வளையத்தில் இருக்கும் எண்தான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்ற கணக்கு. குரோனோகிராப் என்பார்கள். பழுதுக்கு வரும் குரோனோகிராப்களைப் பிரித்துச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு.

இதை வாங்குகிறவர்களில் பந்தயம் ஓட்டிய ஒருவரைக்கூட இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. பல் டாக்டர்கள், வக்கீல்கள், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள். ஒருவர் முட்டை வேகவைக்க அதைப் பயன்படுத்துவதாகக் கூச்சமில்லாமல் சொன்னார். ஆனால் வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு மனிதர் எனக்கு உண்டு. ஓசூரில் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியில் டெஸ்ட் ரைடராக இருக்கும் என் அண்ணன் கோவிந்தராஜ். பெட்டியைத் திறந்ததுமே எனக்கு அவருடைய மணிக்கட்டுதான் ஞாபகம் வந்தது.

அங்கேதான் சிக்கல். அண்ணன் என்னிடம் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார்.

2

அண்ணன் தங்கைக்குச் செய்வார். தங்கை அண்ணனுக்குச் செய்யக் கூடாது. எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்காத சட்டம் இது. பொங்கலுக்கு எனக்குச் சீர் வந்தாக வேண்டும். நான் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரத்தில் இருக்கிறேன் என்பதெல்லாம் அவருக்கு ஒரு காரணமே இல்லை. வருடா வருடம் ஒரு புடவை, விரலி மஞ்சள், ஒரு கிலோ வெல்லம், எல்லாம் பார்சலில் வந்துவிடும். ஒரு வருடம் சுங்க இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. இந்தக் காய்ந்த வேர் என்ன, வணிக மாதிரியா, மருந்தா, எதற்காக அனுப்பப்பட்டது, அனுப்பியவருக்கு நான் பதிலுக்கு என்ன தர வேண்டும் என்று நான்கு கேள்விகள். முதல் மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். நான்காவதற்கு 'எதுவும் தர அனுமதி இல்லை' என்று எழுதினேன். அந்த அதிகாரி என்ன புரிந்துகொண்டாரோ, பார்சலை விட்டுவிட்டார்.

நானும் சும்மா இருந்தவள் இல்லை. ஒரு முறை ஸ்வெட்டர் கொண்டுபோனேன். அது அண்ணியின் தம்பி உடம்பில் ஏறியது. ஷேவிங் மெஷின் பீரோவுக்குள் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தால் முகம் மலர்ந்து வாங்குவார். தனக்கென்று வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"தங்கச்சிகிட்ட கை நீட்டறதா? நீ வந்து நின்னாவே போதும் பாப்பா."

எனக்கு முப்பத்தெட்டு வயது. இன்னும் பாப்பாதான்.

எங்கள் ஊர் சாமல்பட்டியில் நான் ப்ளஸ் டூ முடித்ததும் அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார். அப்போதுதான் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, வாட்ச் கம்பெனியில் பெண் பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று சொல்லி, அப்பாவோடு சண்டை போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் வீடு எடுத்தோம். தங்கைக்குக் கல்யாணம் ஆகும்வரை தனக்கு வேண்டாம் என்று நான்கு வருடம் பெண் பார்க்கவே விடவில்லை. அவர் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் இன்று என் கையில் இந்தத் தொழில் இருந்திருக்காது. அப்படிப்பட்டவருக்கு என் கையால் ஒரு பொருள்கூடத் தர முடியாதது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. வாங்கிக்கொண்டே இருப்பதும் ஒரு பாரம்தான்.

3

கோடை விடுமுறைக்கு நாங்கள் மூவரும் ஊருக்குப் போவது என்று முடிவானதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் மூன்று பந்தயக் கடிகாரங்களை வரிசையாக வைத்தேன். எதைக் கொடுத்தால் அண்ணன் கையில் நிற்கும் என்று பார்க்க வேண்டும் அல்லவா.

முதலாவது, கம்பெனி கொடுத்தது. தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக். வெள்ளை டயலில் மூன்று கறுப்பு வட்டங்கள், எஃகுச் செயின். கல்யாண மாப்பிள்ளை கையில் கட்டினால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். இரண்டாவது என் கணவருடையது. பேட்டரியில் ஓடுவது, விநாடியைப் பத்தாகப் பிரித்துக் காட்டும், ரப்பர் பட்டை. எந்தப் பட்டறைக்காரரும் மனதுக்குள் மதிக்காத, ஆனால் மூன்றிலும் சரியான நேரம் காட்டுகிற கடிகாரம் அதுதான். தொழில்காரிக்கு இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய சாமான் சந்தையில் ஒரு தகர டப்பாவில் செத்துக் கிடந்தது. நான் பிறந்த காலத்துச் சரக்கு. சாவி கொடுத்து ஓட்டுவது. இரண்டு பல்சக்கரம் தேய்ந்து, ஒரு ஸ்பிரிங் உடைந்து, உள்ளே துரு. இரண்டு குளிர்காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அதை எழுப்பினேன். தண்ணீர் புகாமல் இருக்கப் புது ரப்பர் வளையம் போட்டேன். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் பாணியில் வட்ட வட்டமாக ஓட்டை போட்ட தோல் பட்டை மாட்டினேன். என் மனசு எதை அவர் எடுக்க வேண்டும் என்று துடித்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சும்மா கொடுத்தால் பீரோவுக்குள் போகும். அதனால் ஒரு உபாயம் செய்தேன். அண்ணனுக்குப் பரிசுதான் ஆகாது. டெஸ்ட் என்று சொன்னால் தூக்கத்திலும் எழுந்து வருவார். போனில், "அண்ணா, மூணு வாட்ச் கொண்டாறன். ரேஸ்காரங்க வாட்சுன்னு இங்க விக்கறாங்க. வண்டி ஓட்டறவங்க யாராச்சும் கட்டிப் பாத்து எது தேறும்னு சொன்னா எனக்கு வேலையில உதவியா இருக்கும்" என்றேன். பொய் பாதி, உண்மை பாதி.

"எத்தன நாள் டைம் குடுப்ப?" என்று கேட்டார். குரலிலேயே ஆள் விழுந்துவிட்டது தெரிந்தது.

4

பீல் ஊரில் ஜெர்மனும் உண்டு, பிரெஞ்சும் உண்டு. தெருப் பலகையில் இரண்டும் இருக்கும். கடைக்காரர் வணக்கம் சொல்லும் மொழியைப் பார்த்து நாம் மொழியை மாற்றிக்கொள்ள வேண்டும். கூட வேலை பார்க்கும் வெளியூர்க்காரர்கள் இதைப் பெரிய கஷ்டமாகச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தமிழில் டிக்கெட் கேட்டு, கன்னடத்தில் சில்லறை வாங்கி, தெலுங்கில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் பதற்றத்தில் மட்டும் எனக்குக் குழறிவிடும். விசா நீட்டிக்க நகராட்சி அலுவலகத்துக்குப் போனபோது ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் புரிந்ததா என்று ஜெர்மனில் கேட்டாள். "கொத்தாயித்து" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டேன். அவளும் தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினாள்.

இந்த ஊர்க் காகிதங்களோடு எனக்கு வேறு ஒரு பழைய கணக்கு உண்டு. ஓசூர் வாட்ச் கம்பெனி கொடுத்த ஒன்பது வருட அனுபவச் சான்றிதழில் பயிற்சி எத்தனை மணி நேரம் என்று எழுதவில்லையாம். அதனால் முதல் நான்கு வருடம் பேட்டரி மட்டும் மாற்றினேன். பிறகு இங்கே பரீட்சை எழுதித்தான் குரோனோகிராப் பக்கம் விட்டார்கள். அன்றைக்கு அழுதேன். இன்று யோசித்தால் அதுவும் ஒரு பரீட்சை, பாஸ் ஆனேன், அவ்வளவுதான்.

என் மகள் மதுவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. மூன்று வயதில் வந்தவள், இப்போது பதிமூன்று. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குத் தள்ளிக்கொண்டு போனதில் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கடிகாரம் கட்டமாட்டாள், செல்போனில் நேரம் இருக்கிறதே என்பாள். கடிகாரக்காரி பெற்ற பிள்ளை. பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு, முடித்ததை டிக் அடிக்கப் பழக்கிவிட்டார்கள். பெட்டி கட்டும்போதுகூடக் காகிதம் வைத்துக்கொண்டுதான் கட்டினாள். ஓசூரில் மூன்று வாரம் என்ன செய்வது என்ற இடத்தில் மட்டும் அவள் பட்டியல் காலியாக இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்தது. அவள் பிறந்த ஊர் அது.

5

அண்ணனின் கம்பெனி டெஸ்ட் டிராக்கில் சொந்தக் கடிகாரம் கட்டவே விடமாட்டார்கள். பெட்ரோல் டேங்கில் கீறல் விழும் என்று கேட்டிலேயே கழற்றி வாங்கிவிடுவார்கள். எனவே அண்ணன் தன் சொந்த வண்டியில், மத்திகிரி மாட்டுப்பண்ணை வேலியை ஒட்டிப் போகும் நேர்ச் சாலையில், காலை ஆறு மணிக்கு வைத்துக்கொண்டார். முதல் நாளே ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டுவிட்டார். மேலே கடிகாரம் ஒன்று, இரண்டு, மூன்று. பக்கவாட்டில் எடை, வெயில், அதிர்வு, கிளட்ச், வேர்வை, மழை. எது யாருடையது என்று நான் சொல்லவில்லை. டெஸ்ட் நியாயமாக நடக்கட்டும் என்று எனக்கே ஒரு வீம்பு.

கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது பொத்தானை அமுக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். அண்ணன் பிள்ளைகள் இருவரும் போர்வைக்குள் இருந்தார்கள். விமானக் களைப்பில் அதிகாலையிலேயே விழித்துக்கொண்ட மதுதான் கிடைத்தாள்.

"வா கண்ணு, மாமா முதுவ கெட்டியா புடிச்சிக்க. கல்லு வந்தா ஒரு அமுக்கு, அடுத்த கல்லு வந்தா ஒரு அமுக்கு."

போன ஐந்தாவது நிமிடம் திரும்பி வந்தார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். மது முகத்தைச் சுருக்கிக்கொண்டு கடிகாரத்தைக் காட்டினாள். சீராக ஐம்பதில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு எழுபத்திரண்டு விநாடி. ஆனால் வளையத்தில் எண்கள் அறுபதோடு முடிந்துவிடுகின்றன. அதற்குக் கீழே போகிறவர்களைப் பந்தயக் கடிகாரம் மதிப்பதில்லை.

"அறுவதுக்கு மேல போனாத்தான் இது பேசுமாம். பண்ண மாடு குறுக்க வர்ற ரோட்டுல எவன் போவான் அறுவதுல?" என்றார் அண்ணன்.

மதுதான் வழி கண்டுபிடித்தாள். பாதி தூரத்துக்கு மட்டும் அளந்து, வரும் எண்ணில் பாதியை எடுத்தால் போதும். அண்ணன் வண்டி மீட்டரைப் பார்த்துப் பாதி வழியில் வேலியில் ஒரு சிவப்புத் துணி கட்டினார். முப்பத்தாறு விநாடி, வளையத்தில் நூறு, அதில் பாதி ஐம்பது. இதை அவள் தமிழிலேயே விளக்கினாள், எண்களை மட்டும் ஜெர்மனில் சொல்லிக்கொண்டு. அவருக்கு அது ஒரு தடையாகவே தெரியவில்லை. டிராக்கில் கன்னடக்காரர், தெலுங்குக்காரர், மதுரைக்காரர் எல்லோரோடும் கை ஜாடையில் வேலை நடத்துகிறவர் அவர்.

அதன் பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு அவளே தலை சீவி ரெடியாக நின்றாள். நான் எழுப்பவில்லை.

6

பீலுக்குத் திரும்பக் கிளம்பும் நாள் மதியம், சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் மூன்று கடிகாரங்களையும் துடைத்துப் பெட்டிகளில் வைத்து, நோட்டோடு என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அவர் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்.

'வாட்ச் 1. பார்வைக்கு நல்லா இருக்கு. வெயிட் ஜாஸ்தி. நான் டயலை மணிக்கட்டு உள்பக்கமா கட்டுவேன், கிளட்ச் புடிச்சா மேல் பட்டன் தானா அமுங்கி முள் ஓடுது. மூணு வட்டமும் ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. செயின் டேங்கில் படும். வண்டிக்காரனுக்கு ஆகாது, வரவேற்புக்கு ஆகும். வாட்ச் 2. டைம் கரெக்ட். அதிர்வில் குறை இல்லை. ரப்பர் பட்டையில் வேர்வை தேங்கி அரிக்குது. குறை சொல்ல வேற இல்லை, ஆனால் பிடிக்கவும் இல்லை. வாட்ச் 3. ஒரு நாளைக்கு நாலு செகண்ட் பின்னால். தினம் காலையில் சாவி கொடுக்கணும், கொடுக்கலாம். பட்டன் இறுக்கம், கிளட்ச்சுக்கு அசையாது. ஓட்டை பட்டையில் காத்து வருது. ஒரு பார்வையில் டைம் தெரியுது. செஞ்ச கை நல்ல கை.'

கடைசி வரியை இரண்டாவது முறையும் படித்தேன். கொடுக்கலாம் என்ற தைரியம் வந்துவிட்டது.

"அப்ப மூணாவத நீயே வச்சிக்கண்ணா. அது நான் கோத்தது. ரெண்டு வருஷம் ஒக்காந்து கோத்தன்."

அண்ணன் அதை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மூடியைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு பெட்டியிலேயே வைத்து மூடினார்.

"நல்லா கோத்திருக்கற பாப்பா. ஆனா டெஸ்ட் பீஸ வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்ல. இருவது வருஷமா எத்தன வண்டி ஓட்டியிருக்கறன், ஒண்ண எம் வாசல்ல நிறுத்தியிருக்கறனா?"

என் உபாயம் என் தலையிலேயே வந்து விழுந்தது. பரிசு என்று கொண்டுவந்திருந்தாலாவது பீரோவுக்குள் இருந்திருக்கும். டெஸ்ட் என்று சொன்னதால் வீட்டிலேயே இருக்க முடியாமல் போய்விட்டது. டெஸ்ட் ரைடரின் தங்கைக்கு இதுகூடத் தெரியாமல் போனதே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. அண்ணி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் கையெழுத்துப் போடச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

மது இவ்வளவு நேரமும் நோட்டை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"மாமா, இது காலி."

மழை என்ற வரிசை. மூன்று கட்டமும் வெறுமையாக இருந்தன. நாங்கள் இருந்த மூன்று வாரமும் மேகம் வருவதும் கலைவதுமாக இருந்ததே தவிர ஒரு தூறல் விழவில்லை.

"மழ வரலயே கண்ணு. நான் என்னா பண்ணட்டும்?"

"அப்ப சைன் போடக் கூடாது. முடியல இல்ல."

அண்ணன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டையே பார்த்தார். அவளுக்குச் சீரும் தெரியாது, தங்கையிடம் வாங்கக் கூடாது என்பதும் தெரியாது. காலியான கட்டம் இருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்று மட்டும் தெரியும். அது அண்ணனுக்கும் தெரியும்.

"அது நாயந்தான்" என்றார் கடைசியில். "முழுசா பாக்காத ரிப்போர்ட்டுல நான் கையெழுத்து போட்டதில்ல."

பேனாவை மூடிப் பையில் செருகினார். பெட்டிகளை மறுபடி திறந்து, முதல் இரண்டையும் என் பக்கம் நகர்த்தினார்.

"இது ரெண்டும் தண்ணி தாங்கும்னு பின்னாடியே அடிச்சிருக்குது. பழசுக்குத்தான் எழுதல. அது மட்டும் இருக்கட்டும். மழ வந்ததும் பாத்து எழுதி அனுப்பறன்."

மூன்றாவதை எடுத்து, டயல் உள்பக்கமாக வரும்படி கட்டிக்கொண்டார். கார் வந்து நிற்கும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பெங்களூர்ப் புது விமான நிலையம் போகிற வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டே போனதாக என் கணவர் இன்றும் சொல்கிறார்.

7

இது நடந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. இங்கே இலைகள் உதிர்ந்து, மாலை ஐந்து மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. மது ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவோடு போனில் தானே பேசுகிறாள். அவளுடைய தமிழ் அப்படியொன்றும் திருந்திவிடவில்லை. ஆனால் பேசுகிறாள். காலையில் பட்டறைக்கு நடக்கும்போது, என் கை பட்ட ஒரு பொருள் இந்நேரம் மத்திகிரி சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு வரும். அன்றைக்கு வேலை கொஞ்சம் சுலபமாக நடக்கும்.

போன வாரம் போன் செய்தபோது அண்ணிதான் எடுத்தார். பத்து நாளாக அங்கே அடைமழையாம். துணி காயவில்லை, கரண்ட் இல்லை என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றன், நான் சொன்னன்னு சொல்லிடாத. தினம் காலைல எழுந்ததும் அந்த வாட்சுக்குச் சாவி குடுக்கறாரு. வானம் மூடுச்சுன்னா மட்டும் கழட்டி, நனைஞ்சிடும்னு துண்டுல சுத்தி சாமி ரூம்புல வச்சிட்டு வேலைக்குப் போறாரு."

பிறகு அண்ணன் வாங்கினார். மாப்பிள்ளை சௌக்கியமா, மது சௌக்கியமா என்று விசாரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"ரிப்போர்ட் என்னாச்சுண்ணா? டெஸ்ட் முடிஞ்சிச்சா?"

"எங்க பாப்பா," என்றார். "இங்க இன்னும் மழையே வரல."

அவருக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.